அஷ்டமியில் தூண்டில் போடலாம்

"அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆஃப் வந்தால் கடலுக்குக் கிளம்பு, இல்லையென்றால் வீட்டிலேயே கிட." நெய்வேலி நகரியத்திலும் பண்ருட்டியிலும் எங்கள் திருவதிகையிலும் ராடு, ரீல் வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் கிடைக்கும் விதி இது. இதற்கு இரண்டு கிளை விதிகளும் உண்டு. இருட்டோடு போய்ச் சேர்ந்து, வெயில் ஏறும்முன் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். போன வாரம் எவர் கொடுவாவைத் தூக்கிப் பிடித்துப் படம் அனுப்பினாரோ, அவர் நின்ற இடத்தில் போய் நிற்க வேண்டும். இப்படி நாளும் நேரமும் இடமும் யோசிக்காமலே தீர்ந்துவிடுகின்றன. மூன்றிலும் பிழை இருக்கிறது. முதல் பிழை பெற்ற பிள்ளைகள்தான் மற்ற இரண்டும்.

விதியைச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். அவர்கள் தரப்பில் நியாயம் உண்டு; அதை முதலில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் பூமியோடு ஒரே கோட்டில் வருகின்றன. இரண்டின் இழுப்பும் சேர்ந்துகொள்வதால் கடலின் ஏற்றமும் வற்றமும் மற்ற நாட்களைவிடப் பெரிதாக இருக்கும். ஆற்று முகத்துவாரத்தில் அதிகத் தண்ணீர் உள்ளே ஏறும், அதிகத் தண்ணீர் வெளியே வடியும். அந்த ஓட்டத்தோடு இறாலும் மடவைக் குஞ்சும் அடித்துக்கொண்டு போகும். கொடுவா, செப்பிலி, பாரை போன்ற வேட்டை மீன்கள் அதற்காகவே காத்திருக்கும். மீனவக் குப்பங்களிலும் நிலவைப் பார்க்காமல் பேசுகிற பெரியவர் கிடையாது. வெளிநாட்டிலும் இதே நம்பிக்கை உண்டு. ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் 1926இல் நிலவையும் சூரியனையும் வைத்து 'சோலூனார்' என்றொரு கணக்கைத் தொடங்கினார். இன்று கைப்பேசிச் செயலிகள் நாளுக்கு இத்தனை நட்சத்திரம் என்று மதிப்பெண் போடுவதெல்லாம் அதன் வழித்தோன்றல்தான். நிலவுக்கும் ஓதத்துக்கும் உள்ள உறவு அசைக்க முடியாத உண்மை. அந்த உண்மையிலிருந்து 'மற்ற நாளில் போகாதே' என்ற முடிவுக்குத் தாவுகிறார்கள் பாருங்கள், அந்தத் தாவலைத்தான் நான் மறுக்கிறேன்.

1. அமாவாசை உங்கள் ஷிப்ட் அட்டவணையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஓர் அமாவாசைக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே ஏறத்தாழ 14.8 நாள். 'ஒட்டிய நாள்' என்று முன்னொரு நாள், பின்னொரு நாள் சேர்த்தாலும் தகுதியுள்ளவை மூன்று நாட்கள்தான். வாரம் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும் தொழிலாளிக்கு ஆண்டில் 52 ஓய்வு நாள். அதில் இந்த மூன்று நாள் வளையத்துக்குள் விழுவது சராசரியாகப் பத்து, பதினொன்று. அவற்றிலும் புயல், மழை, முகூர்த்தம், காதுகுத்து, பிள்ளையின் தேர்வு என்று பாதி கழியும். தை அமாவாசை, ஆடி அமாவாசையில் வீட்டில் படையலை விட்டுவிட்டுக் கடலில் தூண்டில் போடப் போகிறேன் என்று சொல்லும் துணிச்சல் எனக்குத் தெரிந்து ஒருவருக்கும் இல்லை. கடைசியில் ஆண்டுக்கு நான்கைந்து நாள் மிஞ்சும். ராடு வாங்கிய புது ஆள் ஒருவர் ஆண்டுக்கு நான்கு நாள் போய் எதைக் கற்றுக்கொள்வார்? இரண்டாவது வருடம் அந்த ராடு பரணில் ஏறுகிறது. கடற்கரையிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டரில் இருந்துகொண்டு இத்தனை பேர் தூண்டிலைக் கைவிடுவதற்கு மீன் இல்லாதது காரணமாகத் தெரியவில்லை. இந்த விதிதான் காரணமாகத் தெரிகிறது.

2. அமாவாசையில் மீன் கிடைத்ததற்குப் பெருமை யாருக்கு: நிலவுக்கா, கடிகாரத்துக்கா? வாதத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

பெரும்பாலான துறைமுகங்களில், அமாவாசை, பௌர்ணமி நாட்களில் உச்ச ஏற்றம் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில் வரும். மாதம் மாறினாலும் அந்த நேரம் பெரிதாக மாறாது. பழைய மாலுமிகள் ஒவ்வொரு துறைக்கும் இந்த ஒரு நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டே மற்ற நாட்களின் ஏற்றத்தைக் கணக்கிட்டார்கள். நம் சென்னை, கடலூர்க் கரையில் அது காலை எட்டு, ஒன்பது மணி வாக்கு, இரவிலும் அப்படியே. கிளை விதியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருட்டோடு போய் வெயிலுக்கு முன் திரும்புபவர் தண்ணீரில் தூண்டில் வைத்திருக்கும் நேரம் காலை ஐந்து முதல் எட்டரை வரை. அமாவாசையன்று அந்த நேரம் முழுக்கத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. மங்கிய வெளிச்சமும் ஏறும் தண்ணீரும் ஒன்றாக அமைகின்றன. கிழங்கான் கரையை ஒட்டி வரும், மடவை முகத்துவாரத்துக்குள் நுழையும், அதன் பின்னால் கொடுவா வரும்.

ஏற்றம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழெட்டு நாளில் ஆறு மணி நேரம் தள்ளிவிடும். ஆகவே அஷ்டமி வாக்கில் உச்ச ஏற்றம் பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கு. மறுபடி பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. காலை எட்டு மணிக்குக் கடல் வற்றிக் கிடக்கும். அதே ஆள், அதே இடத்தில், அதே ஐந்து மணிக்குப் போய் நிற்கிறார். வடியும் தண்ணீரில், ஏற்றத்துக்கு ஏற்ற இடத்தில் நின்றுவிட்டு, வெறும் பையோடு திரும்பி, "அஷ்டமி சார், கெட்ட நாளு" என்கிறார். நாள் கெடவில்லை. நிற்கும் இடத்தையோ வரும் நேரத்தையோ அவர் மாற்றியிருக்க வேண்டும். நிலவின் பலத்தைச் சோதிக்க வேண்டுமானால் அமாவாசை ஏற்றத்தை அஷ்டமி ஏற்றத்தோடு ஒப்பிட வேண்டும். இவர்கள் அமாவாசை ஏற்றத்தை அஷ்டமி வற்றத்தோடு ஒப்பிட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

வற்றத்திலும் மீன் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தண்ணீர் ஏறும்போது இரை உள்ளே போகிறது; வடியும்போது அதே இரை வெளியே வருகிறது. முகத்துவாரத்தின் உள்பக்கம், பாலத்தடி, கல்லோரம் எல்லாம் ஏற்றத்துக்கு உரியவை. முகத்துவாரத்தின் வெளிப்பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடலில் கலக்கும் அந்தக் கோடு, வற்றத்துக்கு உரியது. அஷ்டமி அதிகாலையில் நிற்க வேண்டியது அங்கே. அஷ்டமியன்று மாலை மங்கும் நேரத்திலும் தண்ணீர் வடிந்துகொண்டுதான் இருக்கும். அமாவாசை மாலை இருட்டும்போது அது ஏறிக்கொண்டிருக்கும். நிலவு நமக்கு நாளைக் குறித்துத் தர வேண்டியதில்லை. கிடைத்த நாளில் எங்கே நிற்பது என்று சொன்னால் போதும். அதை அது துல்லியமாகவே சொல்கிறது.

3. வலைக்காரரின் நிலா வேறு, தூண்டில்காரரின் நிலா வேறு. "குப்பத்துப் பெரியவரே சொன்னார்" என்பது நம்மவர்களின் பிரம்மாஸ்திரம். பெரியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் பேசுவது வலையைப் பற்றி. நிலா வெளிச்சத்தில் வலை மீன் கண்ணுக்குத் தெரியும் என்பதால், இரவில் செவுள் வலை விடுகிறவர்களுக்குப் பௌர்ணமி உவப்பான நாள் அன்று. இருண்ட இரவுதான் வேண்டும். ஆக, அவர்கள் கணக்கில் அமாவாசையும் பௌர்ணமியும் எதிரெதிர். நம் விதியோ இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. கடன் வாங்கிய அறிவை வாங்கிய இடத்திலேயே சரிபார்த்திருந்தால் இந்த முரண் முதல் நாளே தெரிந்திருக்கும். இன்னொன்று: படகு இறக்குவதா வேண்டாமா என்று விடியற்காலையில் கரையில் நிற்கும் மீனவர் பஞ்சாங்கத்தை விரிப்பதில்லை. காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, என்ன நிறத்தில் இருக்கிறது, அலை எங்கே உடைகிறது என்று பார்க்கிறார். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது எல்லாவற்றிலும் எளிதான ஒன்றை மட்டும்.

4. ஒரு மீட்டர் ஓதத்துக்கு இத்தனை ஆரவாரமா? குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பத்து மீட்டரையும் தொடும் வித்தியாசம் உண்டு. அங்கே நிலவைக் கேட்காமல் ஓர் அடி வைக்க முடியாது. நம் கரையில் அமாவாசையிலேயே அது ஒரு மீட்டரை ஒட்டித்தான். அஷ்டமியில் அதில் பாதிக்கும் குறைவு. இவ்வளவு சிறிய ஓதமுள்ள கடலில், திறந்த மணற்கரையில் நிற்பவருக்கு ஓதத்தைவிடக் காற்றும் அலையும்தான் எஜமானர்கள். ஆனால் ஆஃப் நாளின் முந்தின இரவு 'நாளைக்கு என்ன திதி' என்று கேட்பவரைத்தான் பார்க்கிறேன். 'நாளைக்கு என்ன காற்று' என்று கேட்பவரைக் காண முடியவில்லை.

ஆனி முதல் ஆவணி வரை நிலத்திலிருந்து மேல்காற்று வீசும் அதிகாலைகளில், கிழக்குப் பார்த்த நம் கரையில் அலை படுத்துவிடும். முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் காற்றில் ஈயம் நெடுந்தூரம் போகும். சாமியார்பேட்டை போன்ற திறந்த கரைக்குப் போக அதைவிட நல்ல காலை கிடையாது. திதி எதுவாக இருந்தாலும் சரி. அதே நாளில் பிற்பகல் கடற்காற்று எழும்பியதும் தண்ணீர் குழம்பி, நரம்பு வில்லாக வளைந்து, பிடித்ததும் தெரியாது விட்டதும் தெரியாது. அப்போது ஆற்றுக்குள் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று கடலை நேராகக் கரைமேல் தள்ளும். அந்த நாட்களில் சில்வர் பீச்சில் நின்று வீசுவது கையை வலிக்கச் செய்யும் வேலை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் உள்பக்கமோ, கிள்ளைப் பக்கத்து உப்பங்கழியோதான் கதி. அமாவாசை வந்துவிட்டது என்பதற்காக வாடைக் காற்று ஒதுங்கி நிற்காது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரமும் காற்றும் நீரோட்டமும் நாள்தோறும் முன்னறிவிக்கிறது. காசு இல்லை, கைப்பேசியிலேயே பார்க்கலாம். நட்சத்திர மதிப்பெண்ணுக்குச் செயலி வைத்திருப்பவர்கள் இதைத் திறந்து பார்ப்பதில்லை.

5. கெடிலத்தைப் பார்க்காமல் காலண்டரைக் கிழிக்கிறார்கள். திருவதிகைக்காரனாக எனக்கு இதில்தான் அதிகக் கோபம். அப்பரின் சூலை தீர்ந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது அந்தக் கல்லே தெப்பமாகி அவர் கரை சேர்ந்த இடம் என்று கடலூரில் காட்டுவது, இதே கெடிலக் கரையிலுள்ள கரையேறவிட்ட குப்பத்தை. நம் வீட்டு ஓரம் போகும் ஆறு, நாம் தூண்டில் போடப் போகும் கடலில்தான் விழுகிறது. ஆண்டில் பெரும்பகுதி இது வெறும் மணல். அப்போது கடலூரில் இதன் முகத்துவாரத்தில் இருப்பது ஏற்றத்தோடு வந்து போகும் கடல்நீர்தான். தெளிந்திருக்கும், லூர் (செயற்கை இரை) போட்டால் மீன் கண்ணுக்குத் தெரியும். பாலத்தடியில் செம்மண் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டால் கதையே வேறு. அந்தத் தண்ணீர் கீழே போய்ச் சேர்ந்ததும் முகத்துவாரம் கலங்கி, ஆகாயத்தாமரை நரம்பில் சுற்றி, உப்பு குறைந்துவிடும். அன்றைக்கு லூர் வீண். நாற்றமுள்ள இறாலைக் கோத்துக் கெளுத்திக்குக் காத்திருக்கலாம். அல்லது கலங்கலும் தெளிவும் சந்திக்கும் ஓரத்தைத் தேடி வெளியே நடக்கலாம். அல்லது கெடிலத்தை விட்டு வேறு ஆற்றுக்குப் போகலாம். திருவதிகையிலோ பண்ருட்டியிலோ பாலத்தில் அரை நிமிடம் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தால் தெரிகிற இந்தச் செய்தியை எந்தத் திதியும் சொல்லாது.

காலண்டர் எவ்வளவு தூரம் கைவிடும் என்பதற்கு ஒரு சாட்சி. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி, டிசம்பர் முதல் நாட்களில் கடலூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. தென்பெண்ணை கடலில் சேரும் தாழங்குடா, நம்மவர்கள் கொடுவாவுக்கு நம்பிப் போகும் இடம். அந்த நவம்பர் 30, டிசம்பர் 1 என்ன நாள் தெரியுமா? கார்த்திகை அமாவாசை. விதிப்படி மாதத்தின் முதல் தரமான நாள்!

கோடையில் பிரச்சினை தலைகீழ். ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது சிறிய முகத்துவாரங்களைக் கடல் மணல் மேடிட்டு மூடிவிடும். மூடிய வாய்க்குள் ஓதம் எப்படி வரும்? அங்கே பௌர்ணமியும் பஞ்சமியும் ஒன்றுதான். கோடையில் போக வேண்டியது, தடுப்புச் சுவரால் வாய் திறந்தே இருக்கும் கடலூர்த் துறைமுகப் பக்கத்துக்கு, அல்லது வெள்ளாற்று முகத்துக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் தூண்டிலே போடக் கூடாது என்று நினைத்து வீட்டில் இருப்பவர்களும் உண்டு. அந்தத் தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும் உரியது. கரையில் நின்று ராடு பிடிப்பவரை அது கட்டுப்படுத்தாது.

6. படம் வந்த இடத்தில் மீன் இருக்கும் என்று யார் சொன்னது? போன ஞாயிறு, மேல்காற்றில், வற்றத்தில், தெளிந்த தண்ணீரில் ஒருவர் மீன் பிடித்தார். படத்தில் மீன் தெரிகிறது, கல் தெரிகிறது, அவர் பல் தெரிகிறது. காற்றும் ஓதமும் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அதே கல்மேல் இருபது பேர் நிற்கிறார்கள். எல்லாரும் ஒரே நாளை நம்புவதால் எல்லாரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். ஒருவர் நரம்பில் இன்னொருவர் நரம்பு பின்னுகிறது. கரைவலை இழுக்கும் குப்பத்துக்காரர்களுக்கு நாம் இடைஞ்சல் ஆகிறோம். அவர்கள் முகம் சுளித்தால் 'கடல் எல்லாருக்கும் பொது' என்று வியாக்கியானம் வேறு.

விதியின் உள்முரண் இதில்தான் பளிச்சென்று தெரிகிறது. அது புகழும் இடம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். புகழும் நாள் பௌர்ணமி. மாசிப் பௌர்ணமியை ஒட்டி அங்கே மாசிமகத் தீர்த்தவாரி. சுற்றுவட்டாரக் கோயில் சாமிகளெல்லாம் கடலுக்கு வரும் நாளில் கரையில் மனிதக் கால்களுக்கே இடம் போதாது. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் தர்ப்பணம் கொடுப்பவர்களின் கூட்டம். விதியை நம்பி இந்த மூன்று நாளிலும் ராடைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே போனால் எங்கே நிற்பது?   

இடத்தைப் பற்றி இன்னொரு கேள்வியும் உண்டு. அதைப் படமும் கேட்காது, திதியும் கேட்காது. பிடித்ததைச் சாப்பிடப் போகிறீர்களா? கடலூர் சிப்காட்டின் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஓடும் உப்பனாற்றின் கழிவுநீர்ப் புகார்களுக்கு வயது பல பத்தாண்டுகள். அந்த நீளத்தில் நின்று பிடித்து வீட்டுக் குழந்தைக்குப் பொரித்துக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. இன்னும் பதினைந்து, இருபது கிலோமீட்டர் தெற்கே போக எரிபொருள் செலவாகும், ஆகட்டும்.

7. ஆபத்தை ஒரு நல்ல நாள் குறைத்துவிடாது. அமாவாசை இருட்டு, ஏறிக்கொண்டிருக்கும் கடல், பாசி பிடித்த கருங்கல், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காத கண்: 'சிறந்த நாள்' என்று இவர்கள் சொல்வதில் இந்த நான்கும் ஒன்றாகக் கூடுகின்றன. நாள் நல்லது என்ற நம்பிக்கை இருப்பவர் அலை பெரிதாக இருந்தாலும் திரும்பிப் போக மாட்டார்; இந்த நாளை விட்டால் இன்னும் இரண்டு வாரம் என்று கல்லில் ஏறுவார். எந்த வாரமும் போகலாம் என்று தெரிந்தவருக்குத்தான் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு டீ குடித்துத் திரும்பும் மனம் வரும்.

"இத்தனையும் பார்த்தால் எப்போதுதான் கிளம்புவது?" என்பது எனக்கு வழக்கமாக வரும் எதிர்க்கேள்வி. பார்க்க ஆகும் நேரம் பத்து நிமிடம். முந்தின இரவு காற்றும் அலையும், பிறகு ஏற்ற நேரம், காலையில் கெடிலம். ஓர் ஆவணி மாதத்து அஷ்டமி ஆஃப் நாளை எடுத்துக்கொள்வோம். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் காலை பத்தரை வரை தூங்கட்டும். பாலத்தடியில் மணல்தான் தெரிகிறது, மழை இல்லை. உச்ச ஏற்றம் பிற்பகல் இரண்டு, மூன்று. அதற்குள் கடற்காற்று எழும்பியிருக்கும். ஆகவே திறந்த கரை வேண்டாம். பு.முட்லூரில் திரும்பிப் பரங்கிப்பேட்டை போய், வெள்ளாற்றின் உள்பக்கத்தில் ஏற்றத்தின் கடைசி ஒன்றரை மணி நேரம் நிற்கலாம். தண்ணீர் நின்றதும் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம். நாலரைக்கு மேல் வடிகிற தண்ணீரில், வெளிச்சம் மங்கும் வரை, முகத்துவாரத்தின் வெளி ஓரம். இந்த அஷ்டமியை இவர்கள் எதற்காக வேண்டாம் என்கிறார்கள் என்று இன்னும் ஒருவரும் எனக்கு விளக்கியதில்லை.